‘ங’வில் தொடங்கும் பெயர்

பழனி தினமும் காலையில் நடக்கக் கிளம்பும்போது என்னை அழைப்பான். கலிஃபோர்னியாவின் டப்ளினில் அவனுக்கு மணி ஆறு, டெக்ஸாஸின் ரவுண்ட் ராக்கில் எனக்கு எட்டு. அன்று எட்டு மணிக்கு அழைப்பு வரவில்லை. ஒன்பதரைக்குத் திரையில் அவன் பெயரைப் பார்த்ததும் எடுத்து, “என்னடா எருமை, இப்பதான் விடிஞ்சுதா?” என்றேன். அந்தப் பக்கம் யாரோ மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. பிறகு, “அண்ணா, நான் சுமதி பேசறேன்” என்றார் அவன் மனைவி. ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். நடந்துகொண்டிருந்தவன் நடைபாதை ஓரமாக உட்கார்ந்து அப்படியே சாய்ந்திருக்கிறான். மாரடைப்பு. வயது நாற்பத்தொன்பது. அந்தச் செய்தியைச் சொல்ல வந்தவரை நான் எருமை என்று வரவேற்றிருக்கிறேன். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. பழனியிடம் சொல்ல முடிந்தால் இரண்டு நாள் சிரித்திருப்பான்.

கோவையில் ஒரே கல்லூரி விடுதியில் இருந்தவர்கள் சேர்ந்து கொண்டுவரும் இந்த மலரில் அவனைப் பற்றி எழுதச் சொன்னார்கள். மலர்க் குழு ஒரு விதி வைத்திருக்கிறது: மறைந்தவரை ‘அவர்’ என்றே குறிப்பிட வேண்டும். நியாயமான விதிதான். எனக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்று கேட்டேன். காரணத்தைக் கட்டுரையிலேயே எழுதிவிடு என்றார்கள். எழுதுகிறேன். கொஞ்சம் என் மானம் போகிற காரணம் அது.

பழனியை உங்களில் பலர் விடுதியிலேயே அறிவீர்கள். ஒட்டன்சத்திரத்துக்காரன். குரல் நாலு அறை தாண்டிக் கேட்கும். நானும் அவனும் முதல் வருடத்திலிருந்து ஒரே அறை. அமெரிக்கா வந்த பிறகும் ஒரே ஊர், இதே ரவுண்ட் ராக். கடைசியில் ஒரே கம்பெனி. அங்கே ஒரு மறுசீரமைப்பில் நான் அவனுக்கு மேனேஜர் ஆகிவிட்டேன். அவன்தான் என்னைவிட நல்ல எஞ்சினியர், அது எல்லோருக்கும் தெரியும். “ஆபீஸ்ல நீ எனக்கு மேனேஜர். ஆபீஸ் கேட்டைத் தாண்டிட்டா நான் உனக்கு மேனேஜர்” என்பான். இருவரும் சேர்ந்து இருந்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு சண்டை உண்டு. எந்த லேனில் போவது, எந்த ஓட்டலில் சாப்பிடுவது, சாம்பாரில் யார் உப்பு போட்டது. எங்கள் மனைவிகள் அதைக் காதில் வாங்குவதையே விட்டுவிட்டார்கள்.

ஊர் சுற்றுவதில் அவனுக்கு வெறி. மூன்று வருடத்துக்கு முன் ஒரு நீண்ட வார இறுதிக்கு, ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கும் சவானா என்ற பழைய ஊருக்கு இரண்டு குடும்பமும் போவதென்று ஏற்பாடு செய்தான். வியாழன் முதல் ஞாயிறு வரை. எந்தத் தெரு, எந்த வேளை, எந்த இடத்தில் காபி என்று எக்செல் ஷீட்டில் கட்டம் கட்டி அனுப்பினான். கடலோரத்துக் கலங்கரை விளக்கத்தை மட்டும் வேண்டுமென்றே விட்டிருந்தான். “எந்த ஊருக்குப் போனாலும் ஒரு இடத்தைப் பாக்கி வைக்கணும்டா. எல்லாத்தையும் பார்த்துட்டா அந்த ஊர் நம்மள மறுபடி கூப்பிடாது” என்பது அவன் கொள்கை.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, செவ்வாய் மதியம், என்னை ஒரு வீடியோ அழைப்பில் உட்காரவைத்து ஒரு பட்டியலைக் காட்டினார்கள். அடுத்த திங்கட்கிழமை வேலையை விட்டு அனுப்பப்போகிறவர்களின் பட்டியல். என் டீமில் ஒரு பெயர், பழனிவேல். நான் தயங்கித் தயங்கி, இவன் இல்லாமல் வேலை நடக்காது என்றேன். அப்படியானால் வேறொரு பெயர் கொடுங்கள் என்றார்கள். மீதி ஐந்து பேரில் ஒருத்தி பிள்ளை பெற்று மூன்று மாதம். இன்னொருவன் போன மாதம்தான் வீடு வாங்கியவன். நான் எந்தப் பெயரும் கொடுக்கவில்லை. விஷயம் திங்களுக்கு முன் வெளியே போனால் என் வேலையும் போகும் என்று நேராகவே சொன்னார்கள். எங்கள் கிரீன் கார்டு விண்ணப்பம் அப்போது கடைசிக் கட்டத்தில், அதே கம்பெனியின் கையில் இருந்தது. என் மனைவி உமாவிடம்கூட நான் மூச்சு விடவில்லை.

பயணத்தை ரத்து செய்ய ஒரு பொய் யோசித்தேன். காய்ச்சல் என்று சொல்லலாம். சொன்னால் கஷாயத்தோடு வீட்டுக்கே வந்துவிடுவான். அதனால் கிளம்பினேன்.

அட்லாண்டாவில் இறங்கி, வாடகைக்கு ஒரு மினிவேன் எடுத்து, சவானாவுக்கு நாலு மணி நேரம். பழனி ஓட்டினான், நான் பக்கத்தில். பின்னால் சுமதியும் உமாவும், பத்தாம் வகுப்பு படித்த அவன் மகள் தன்யாவும் தூங்கிவிட்டார்கள். ஃப்ரீவேயில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் குரலைத் தாழ்த்தினான்.

“ஒண்ணு சொல்லணும். என் மேனேஜர்கிட்ட சொல்லக் கூடாது, உன்கிட்ட சொல்லணும்.”

“சொல்லு.”

“பே ஏரியால ஒரு ஆஃபர் வந்திருக்கு. அவங்களா கூப்பிட்டாங்கடா, நான் அப்ளை பண்ணல. நாளைக்கு கலிஃபோர்னியா டைம் ரெண்டு மணிக்குள்ள பதில் சொல்லணும். அதாவது இங்க சாயங்காலம் அஞ்சு.”

“எடுத்துக்கலாமே” என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் ஏன் என்பான். என் முகத்தைப் பார்ப்பான். பழனியிடம் பொய் சொல்லி நான் ஜெயித்ததே இல்லை.

“வேணாம்னுதான் நினைக்கறேன்” என்றான் அவனே. “ஒரு லெவல் கீழ. தன்யா ஸ்கூல் மாறணும். எல்லாத்துக்கும் மேல, நீ இங்க இருக்கே. நீ இருக்கற வரைக்கும் என் வேலைக்கு என்னடா பயம்?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வழியெல்லாம் பைன் மரங்கள். அவனும் எச்-1பி விசாவில் இருப்பவன். திங்களன்று வேலை போனால் அறுபது நாளுக்குள் வேறு வேலை கிடைத்தாக வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். அந்த வேறு வேலை இதோ கையில் இருக்கிறது, அதை நாளை மாலை என் பேரைச் சொல்லித் தூக்கி எறியப் போகிறான்.

அன்று மாலை, சவானாவில் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் சமையலறையில் சுமதி ரைஸ் குக்கரை வைத்துவிட்டு என்னிடம் வந்தார். “அண்ணா, ஆஃபர் பத்திச் சொன்னாரா? நீங்க சொன்னா கேப்பார். டெக்ஸாஸ்லயே இருக்கச் சொல்லுங்கண்ணா. தன்யாவை இந்த வயசுல ஸ்கூல் மாத்தினா அவ தாங்க மாட்டா. எனக்கும் டேகேர்ல இப்பதான் பர்மனென்ட் பண்ணியிருக்காங்க.” நான் தலையை ஆட்டினேன். அந்த ஆட்டலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியாது. புளிக்காய்ச்சலைப் பிசைந்து எல்லோரும் சாப்பிட்டோம். என் தட்டில் பாதி அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை எக்செல் ஷீட்டின்படி நடந்தது. சவானா ஊரே சதுரம் சதுரமாக அமைந்தது. நாலு தெரு நடந்தால் ஒரு சிறு பூங்கா, நடுவில் ஒரு சிலை அல்லது தூண், சுற்றிலும் பழைய செங்கல் வீடுகள். பிறகு இன்னும் நாலு தெரு, இன்னொரு பூங்கா. எல்லாவற்றின் மேலும் பெரிய ஓக் மரங்கள் பந்தல் போட்டிருக்கும், கிளைகளிலிருந்து சாம்பல் நிறத்தில் பாசி தாடியாகத் தொங்கும். பழனிக்கு உடனே ஒரு விளையாட்டு பிடிபட்டது. “ஒரு ஸ்கொயர்ல கலிஃபோர்னியா போக ஒரு காரணம், அடுத்த ஸ்கொயர்ல போகாம இருக்க ஒரு காரணம். ஆளுக்கு ஒண்ணு சொல்லணும்” என்றான்.

முதல் பூங்காவில், “அங்க இவ்ளோ வெயில் இல்ல” என்றாள் உமா. இரண்டாவதில், “மை ஃப்ரெண்ட்ஸ் ஆர் இன் ரவுண்ட் ராக், அப்பா” என்றாள் தன்யா. மூன்றாவதில் என் முறை, போவதற்கான காரணம் சொல்ல வேண்டிய இடம். எவ்வளவு பெரிய வாய்ப்பு! “அங்க... கடல் இருக்கு” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நாலாவதில் சுமதி என் முகத்தைப் பார்த்தார். ஐந்தாவதில் எனக்குச் சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. தன்யா, “அப்பா, கேன் வி ஜஸ்ட் சிட் சம்வேர்?” என்று பெஞ்சில் விழுந்தாள். பழனி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு” என்றான். எது வரைக்கும் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று முழுவதும் நான் அவனோடு ஒரு சண்டைகூடப் போடவில்லை. அவன் தப்பான தெருவில் திருப்பினான், பேசாமல் பின்னால் போனேன். என் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்தான், இன்னொன்று வாங்கிக் கொடுத்தேன். தூக்குத் தண்டனைக் கைதிக்குப் பிடித்ததைச் சமைத்துப் போடுகிற மாதிரி நடந்துகொண்டிருக்கிறேன். அது எனக்கு அப்போது தெரியவில்லை.

நாலரை மணிக்கு ஆற்றங்கரைத் தெருவுக்கு இறங்கினோம். செங்குத்தான பழைய கல் படிகள், கீழே கூழாங்கல் பாவிய தெரு, தெருவை ஒட்டியே ஆறு. பெண்கள் மூவரும் ஒரு மிட்டாய்க் கடைக்குள் போனார்கள். அங்கே பெகான் பருப்பைச் சர்க்கரைப் பாகில் போட்டு, கடலை மிட்டாய் மாதிரி சுடச்சுட ருசி பார்க்கக் கொடுப்பார்கள். நாங்கள் இருவரும் கரையில் நின்றோம். துறைமுகத்துக்குப் போகும் ஒரு சரக்குக் கப்பல் வந்தது. தெருவுக்கு இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு பெரிய கப்பலை நான் பார்த்ததில்லை. கன்டெய்னர்கள் அடுக்கி ஒரு அபார்ட்மெண்ட் கட்டடமே நகர்ந்துபோகிற மாதிரி, சத்தமில்லாமல், எங்கள் முன்னால் வெயிலை மறைத்தது.

“டேய் சேகர், கடைசியாக் கேக்கறேன். விளையாட்டில்ல” என்றான். “போகவா, இருக்கவா?”

சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். கம்பெனியாவது கார்டாவது. பிறகு உமாவின் முகம் ஞாபகம் வந்தது. பதினோரு வருடம் காத்திருந்தவள். கப்பல் போய் முடிவதற்குள் வாயைத் திறந்தேன்.

“அது உங்க முடிவு, பழனி. நீங்க நல்லா யோசிச்சு, உங்களுக்கு எது சரின்னு படுதோ அதைப் பண்ணுங்க.”

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். கோபமில்லை, ஆச்சரியமில்லை. ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு போனை எடுத்துக்கொண்டு கல் படிகளில் ஏறி மேலே போய்விட்டான். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இறங்கி வந்தான்.

“போறேன்னு சொல்லிட்டேன்” என்றான்.

மிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்த சுமதிக்குக் கண் கலங்கிவிட்டது. “என்கிட்ட ஒரு வார்த்தை...” என்று ஆரம்பித்து, நிறுத்தி, என்னைப் பார்த்தார். நான் காலடியில் இருந்த கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வந்த நிம்மதியை மறைக்கவே பெரும்பாடாகிவிட்டது. ஏன் போக முடிவு செய்தான் என்று யோசிக்கவே இல்லை.

சனிக்கிழமைதான் விநோதம். காலையில் காபியை நீட்டி, “சேகர், எடுத்துக்குங்க” என்றான் பழனி. பெரிய பூங்காவின் வெள்ளை நீரூற்று முன்னால், “நீங்க நடுவுல நில்லுங்க, நான் போட்டோ எடுக்கறேன்” என்றான். டிராலி வண்டியில், “ஜன்னலோரமா உக்காருங்க, காத்து வரும்” என்றான். உமாவும் தன்யாவும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சுமதி சிரிக்கவில்லை. அவர் என்னோடு பேசுவதையே நிறுத்தியிருந்தார். எனக்கு ஒவ்வொரு ‘ங்க’வுக்கும் பகீர் என்றது. என்ன தெரிந்துகொண்டான், எப்படித் தெரிந்துகொண்டான் என்று நாள் முழுக்க மனதுக்குள் உருட்டினேன். ஒரு சந்தேகமும் இல்லாதவன் போல ஒவ்வொரு சிலையின் கீழேயும் நின்று படம் எடுத்துக்கொண்டேன். அந்தப் படங்கள் இன்னும் இருக்கின்றன. எல்லாவற்றிலும் பல்லைக் காட்டிக்கொண்டு இருக்கிறேன்.

ஞாயிறன்று அட்லாண்டா விமான நிலையத்தில் வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் இடத்தில் நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு என் பக்கம் வந்தான்.

“நீ என்கிட்ட எதுவும் சொல்லல. புரியுதா? ஹெச்.ஆர். கேட்டாலும், கோர்ட்ல ஏத்திக் கேட்டாலும், நீ ஒரு வார்த்தை சொல்லல.”

“என்னடா உளர்றே?”

“அப்பாடா, ‘டா’ வந்துடுச்சு” என்றான். பிறகு சிரிப்பை விட்டான். “இருபத்தெட்டு வருஷத்துல நீ என்னை ‘ங்க’ போட்டதே இல்லடா. ஹாஸ்டல்ல நீ ரெண்டே பேருக்குத்தான் ‘ங்க’ போடுவே. ஒண்ணு வார்டன். இன்னொண்ணு, போட்டோல மாலை போட்டுத் தொங்கறவங்க. நான் வார்டன் இல்ல.”

அவன் என் தோளில் ஒரு குத்து விட்டான். வலிக்கிற குத்து. “எப்போ? திங்கக்கிழமையா?” என்றான். “சரி, சொல்லாத” என்று பெட்டியை இழுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டான்.

திங்கள் காலை பத்து மணிக்கு வீடியோ அழைப்பு. ஹெச்.ஆர். பெண்மணி ஒரு கட்டத்தில், பழனி ஒரு கட்டத்தில், நான் ஒரு கட்டத்தில். எழுதிக் கொடுத்ததை நான்தான் வாசிக்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘டா’வும் கிடையாது, ‘ங்க’வும் கிடையாது, எல்லோரும் ஒரே ‘யூ’தான். அன்று அந்த மொழி மட்டும் இல்லையென்றால் என்னால் அதை வாசித்து முடித்திருக்க முடியாது. பழனி முதல் தடவை கேட்பவன் போலவே முகத்தை வைத்துக்கொண்டு கேட்டான். கடைசியில், “தேங்க் யூ, சேகர்” என்றான். ஐந்து நிமிடம் கழித்து என் சொந்தப் போனுக்கு ஒரு செய்தி வந்தது: “ங்க, சாப்டீங்களா?”

அன்றிலிருந்து அதுவே என் பெயர். தன் போனில் என் பெயரை மாற்றிவிட்டதாகச் சொன்னான். “தமிழ்ல ‘ங’ல ஆரம்பிக்கற ஒரே ஆள் நீதான்டா. தேடவே வேணாம், தனியா நிப்பே.” ஆறு வாரத்தில் டப்ளினுக்குக் குடிபோனான். தன்யா புதுப் பள்ளியில் முதல் மாதம் அழுதாள், இரண்டாவது மாதம் டென்னிஸ் டீமில் சேர்ந்தாள். எங்களுக்குக் கிரீன் கார்டு வந்தபோது முதலில் வாழ்த்தியவன் அவன்தான்.

இப்போது அவன் இறுதிச் சடங்குக்காக டப்ளினுக்குப் போன கதை. நானும் உமாவும் சான் ஹோசேயில் இறங்கி, வண்டி எடுத்துப் போனோம். எல்லாம் முடிந்த மறுநாள், சுமதி என்னிடம் கைகூப்பினார். “அண்ணா, அன்னிக்கு சவானால உங்க மேல எனக்கு அவ்ளோ கோவம். திங்கக்கிழமைதான் புரிஞ்சுது. அவரே சொன்னார், சேகர் தன் வேலையைப் பணயம் வெச்சு என்கிட்ட போகச் சொன்னான்னு. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார். மூணு வருஷமா உங்களுக்கு நன்றி சொல்லக் காத்திட்டிருக்கேன்.” பிறகு அவரே, “ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது என் போனை வீட்லயே விட்டுட்டேன். அவர் போன்ல உங்க பேரைத் தேடினா சேகர்னு யாருமே இல்ல. கடைசியா தினமும் பேசின நம்பரை அழுத்தினேன், ‘ங்க’ன்னு இருந்துது. நீங்க எடுத்தீங்க. அது என்னண்ணா பேரு?” என்று கேட்டார். நான், அது ஹாஸ்டல் பேர் என்று மென்று விழுங்கிவிட்டு வந்துவிட்டேன்.

சுமதி, அது ஹாஸ்டல் பெயர் இல்லை. நான் அவனைப் போகச் சொல்லவில்லை. என் வேலையை எதற்காகவும் பணயம் வைக்கவும் இல்லை. பயந்து வாயை மூடிக்கொண்டேன், என் நாக்கு என்னை மீறிக் குழறியது, பழனி அதைக் கேட்டுப் புரிந்துகொண்டான். அவ்வளவுதான் நடந்தது. நீங்கள் என்னைக் கோழை என்று நினைத்துவிடக் கூடாதென்று அவன் சொன்ன பொய்யை நான் மூன்று வருடம், தெரியாமலே, மாலையாகப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இனிமேல் முடியாது. நீங்கள் சொன்ன நன்றியைத் திருப்பித் தருகிறேன். கோபத்தை வேண்டுமானால் மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள்.

அவனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பெயர் ஒன்றைத்தான். அதைச் சொல்லி என்னைக் கூப்பிட இனி ஆள் கிடையாது. இருந்தாலும் அவன் போனில் அதைச் சேகர் என்று மாற்றிவிடாதீர்கள். மலர்க் குழுவினருக்கும் என் வேண்டுகோள் அதுதான், ஓரிடத்தில்கூட ‘அவர்’ என்று திருத்திவிடாதீர்கள். டப்ளின் வீட்டின் ஹாலில் மாலை போட்ட படத்தின் முன்னால் நான் நின்றபோது, என் உதடு அசைவதைப் பார்த்துப் பிரார்த்தனை செய்கிறேன் என்று நினைத்து எல்லோரும் ஒதுங்கி நின்றீர்கள். பிரார்த்தனை இல்லை. “நீ வார்டன் இல்லடா” என்றுதான் சொன்னேன்.